மந்திரவாதியின் கையில் அடுத்து எந்த மந்திரம் வரும்? புதிர் விளையாட்டில் தற்செயலுக்கு எவ்வளவு இடம் தரலாம்?

கேள்வி (கோத்தகிரியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நான் பகலில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரவில், மழையால் மின்சாரம் போகாத நாட்களில், கடந்த ஓராண்டாக ஒரு சிறிய கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறேன். முறை வைத்து ஆடும் புதிர் விளையாட்டு அது. 7க்கு 7 கட்டங்கள் கொண்ட பலகையில் ஒரு மந்திரவாதி நிற்கிறான். எதிர்ப்புறம் ஒரு வாசல் இருக்கிறது. இடையில் கற்களும் குழிகளும் உறைபனிப் பூதங்களும் இருக்கின்றன. நாம் ஒரு முறை ஆடினால், ஒவ்வொரு பூதமும் மந்திரவாதியை நோக்கி ஒரு கட்டம் நகரும். பூதம் அவனைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. வாசலை அடைந்தால் அடுத்த நிலை.

மந்திரவாதிக்கு ஆறு மந்திரங்கள் தெரியும். எதிரில் உள்ள பொருளைத் தள்ளுவது, அருகில் இழுப்பது, அதனோடு இடம் மாற்றிக்கொள்வது, அதை மூன்று முறைகளுக்கு உறைய வைப்பது, தீயால் அழிப்பது, அதைப்போல் இன்னொன்றை உண்டாக்குவது. கடைசி மந்திரத்துக்கு இரட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆடுபவர் ஒரு கட்டம் நடக்கலாம்; அல்லது ஒரு திசையைத் தேர்ந்து மந்திரம் சொல்லலாம். ஆனால் ஆறில் எந்த மந்திரம் வெளிப்படும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரியும். வயதாகி நினைவு தடுமாறும் ஒரு மந்திரவாதியைப் பற்றிய கதையாகத்தான் இதைத் தொடங்கினேன். ஆகவே இந்த எதிர்பாராத்தன்மையே விளையாட்டின் உயிர் என்று நம்பியிருந்தேன்.

இப்போது அந்த இடத்திலேயே சிக்கல் வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் 11ஆம் நிலையை ஏறக்குறைய இருபது நிமிடம் ஆடினான். ஒரு பூதத்தைக் குழிக்கு முன்னால் வரவழைத்து, வாசலுக்குப் போகும் ஒற்றைப் பாதையில் அதன் நேரெதிரே வந்து நின்றான். அந்த இடத்தில் தீ வந்தாலும், தள்ளுதல் வந்தாலும், இடமாற்றம் வந்தாலும் வெற்றி. மற்ற மூன்றில் எது வந்தாலும் தோல்வி. இரட்டி வந்தது, இரண்டு பூதங்களாயின, தோற்றான். அவன் கோபப்படவில்லை. "மாமா, நான் யோசித்து ஆடினாலும் யோசிக்காமல் ஆடினாலும் கடைசியில் ஒன்றுதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கணினியை என் பக்கம் திருப்பி வைத்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு, வரப்போகும் எல்லா மந்திரங்களையும் வரிசையாகத் திரையில் காட்டிப் பார்த்தேன். கணக்குப் போட்டால் விடை வந்துவிடுகிறது. ஆனால் மந்திரவாதியின் தடுமாற்றம் காணாமல் போய்விடுகிறது. என் அலுவலக நண்பர் ஒருவர், பழைய வடிவத்தில்தான் சுவை இருந்தது என்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதா? இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. ஒரு முறையைப் பின்வாங்கி மீண்டும் ஆடும் வசதியைக் கொடுத்திருக்கிறேன். பிடித்த மந்திரம் வரும்வரை பின்வாங்கிக்கொண்டே இருந்தால் எந்த நிலையையும் முடித்துவிடலாம் என்பதை அக்கா மகன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான்.

மறுமொழி (குன்னூரிலிருந்து)

உங்கள் அக்கா மகன் கேட்ட கேள்வியில்தான் விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் ஆடிய இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பரமபதத்தில் பகடை விழுகிறது, காய் நகர்கிறது, ஏணியா பாம்பா என்பது கட்டத்தைப் பொறுத்தது. ஆடுபவர் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. தாயத்திலும் கட்டையை உருட்டத்தான் செய்கிறோம்; ஆனால் விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்தக் காயை நகர்த்துவது, எதிராளியின் காயை வெட்டுவதா, நம் காயைப் பாதுகாப்பான கட்டத்துக்குக் கொண்டுபோவதா என்று முடிவெடுக்கிறோம். பகடை இரண்டிலும் உண்டு. ஒன்றில் அது முடிவுக்குப் பின்னால் வந்து நம்மை ஆட்டுவிக்கிறது. மற்றதில் முடிவுக்கு முன்னால் வந்து நம்மிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. என் பாட்டி தாயத்தில் தொடர்ந்து வென்றதற்கு இதுதான் காரணம். பரமபதத்தில் அவர் எங்கள் எல்லோரையும் போலத்தான் தோற்றார்.

உங்கள் விளையாட்டில் ஆடுபவர் முதலில் திசையைத் தேர்கிறார், பிறகு மந்திரம் விழுகிறது. அதாவது பலகையும் பூதங்களும் கற்களும் சேர்ந்து ஒரு நல்ல தாய ஆட்டத்தை அமைத்திருக்க, அந்தக் கடைசிப் படி மட்டும் அதைப் பரமபதமாக்கிவிடுகிறது. வரிசையை மாற்றி, மந்திரம் முதலில் விழட்டும், அதைப் பார்த்த பிறகு அவர் திசையைத் தேரட்டும் என்று வையுங்கள். இரட்டி வந்திருக்கிறது என்று தெரிந்தால் அவன் அதைப் பூதத்தின் மேல் சொல்லியிருக்க மாட்டான். பக்கத்தில் இருந்த கல்லை இரட்டித்துத் தனக்கு ஒரு மதில் எழுப்பியிருப்பான். அதே தற்செயல், அதே ஆறு மந்திரங்கள். ஆனால் யோசித்தவனுக்கும் யோசிக்காதவனுக்கும் வேறுபாடு உண்டாகிவிடும்.

விண்டோஸ் 95 கணினிகளில் இருந்த ஃப்ரீசெல் சீட்டாட்டம் இதன் எல்லைக்கே போன எடுத்துக்காட்டு. சீட்டைக் கலைப்பது முழுக்கத் தற்செயல். ஆனால் 52 சீட்டுகளும் முகம் தெரியத் தொடக்கத்திலேயே விரிந்து கிடக்கும். அதன் பிறகு நடப்பதெல்லாம் ஆடுபவரின் பொறுப்பு. 2018இல் வெளிவந்த இன்டு த பிரீச் என்ற விளையாட்டில், 8க்கு 8 பலகையில் எதிரிகள் எந்தக் கட்டத்தைத் தாக்கப்போகிறார்கள் என்பதை முதலில் காட்டிவிடுகிறார்கள். நம் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. தாக்குதலை எதிரியின் மேலேயே திருப்பிவிடுவதுதான் அங்கே புதிர். உங்கள் தள்ளுதலும் இழுத்தலும் இடமாற்றமும் அதற்கு மிகவும் நெருங்கியவை என்பதால், நேரம் கிடைக்கும்போது அதை ஆடிப் பாருங்கள்.

நாம் வாழும் மலையிலேயே இதற்கு ஓர் உவமை இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மாலை வானம் மேகமின்றித் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால், பள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்கு அன்றிரவு உறைபனி விழக்கூடும் என்று தெரிந்துவிடும். இளம் தேயிலையைத் தழையும் சிறு கிளைகளும் கொண்டு மூடுவதா, காய்கறிக்கு விடியற்காலையில் தண்ணீர் தெளிக்க ஆள் வைப்பதா என்று அவர் முடிவு செய்வது அந்த அறிகுறியைப் பார்த்த பிறகுதான். பனி அவர் கையில் இல்லை; ஆனால் அந்த மாலைப்பொழுது அவர் கையில் இருக்கிறது. உங்கள் மந்திரவாதிக்கும் அந்த மாலைப்பொழுதைக் கொடுங்கள். இப்போதைய மந்திரம் ஒன்று, அடுத்து வரும் இரண்டு, ஆக மூன்றை மட்டும் காட்டினால் போதும் என்பது என் கருத்து.

மறுமொழி (கொடைக்கானலிலிருந்து)

தம்பி, நான் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். குன்னூர் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மந்திரத்தை முன்கூட்டியே காட்டினாலும், அதை எப்படிக் குலுக்கி எடுக்கிறீர்கள் என்பதைக் கவனிக்காவிட்டால் பாதிச் சிக்கல் அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஆறிலிருந்து ஒன்றைப் புதிதாக எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு முறை ஆடினால் தீ ஒரு தடவையாவது வரும் என்றுதான் ஆடுபவரின் மனம் எதிர்பார்க்கும். ஆனால் ஆறு முறையிலும் தீ வராமலே போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 33.5 விழுக்காடு, மூன்று பேர் ஆடினால் அவர்களில் ஒருவருக்கு அப்படி நடக்கும். 12 முறை ஆடியும் வராமல் போவது 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 18 முறை ஆடியும் வராமல் போவது 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழ். அது சிறிய எண்ணாகத் தெரிந்தாலும், உங்கள் விளையாட்டை நூறு பேர் ஆடினால் சராசரியாக மூன்று அல்லது நான்கு பேர் அந்தத் துன்பத்தை அனுபவிப்பார்கள், அவர்கள் அதை எல்லோரிடமும் சொல்லவும் செய்வார்கள். தாயத்தில் இந்த வேதனை எல்லோருக்கும் தெரிந்ததே. 0, 1, 2, 3 என்று முகங்கள் கொண்ட இரண்டு நீளக் கட்டைகளை உருட்டினால் விழக்கூடிய 16 வகைகளில் இரண்டில்தான் தாயம் விழும், அதாவது எட்டில் ஒரு பங்கு. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர் மூன்று பேரில் ஒருவர்.

இதற்கு, மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டின் பிற்கால வடிவங்கள் ஓர் எளிய வழியைக் கண்டன. ஏழு வகைத் துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கலக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, பை காலியான பிறகே மறுபடி நிரப்பினார்கள். அப்படிச் செய்தால் ஒரே வகைத் துண்டு இரண்டு முறை வருவதற்கு இடையில் 12 துண்டுகளுக்கு மேல் வர முடியாது. உங்கள் ஆறு மந்திரங்களையும் அப்படி ஒரு பையில் போட்டால் இடைவெளி 10ஐத் தாண்டாது. வறட்சி தீர்ந்தது.

ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. கவனமாக ஆடுபவர் எவை வந்துவிட்டன என்று எண்ணிக்கொண்டே இருப்பார். பையில் ஒன்று மட்டும் மிஞ்சும்போது அது எதுவென்று அவருக்கு உறுதியாகத் தெரிந்துவிடும். நினைவு தடுமாறும் மந்திரவாதிக்கு அது பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு மந்திரத்துக்கும் இரண்டு சீட்டு வீதம் 12 சீட்டுகளைப் பையில் போட்டு, 11ஐ எடுத்ததும் கடைசிச் சீட்டைக் காட்டாமலே பையை மீண்டும் கலக்கிவிடுங்கள். எந்தப் பையிலும் ஒவ்வொரு மந்திரமும் ஒரு தடவையாவது வந்தே தீரும். ஆனால் பெரும்பாலும் எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மிக மோசமான நிலையில் இடைவெளி 20 வரை நீளலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட மந்திரத்துக்கு அடுத்தடுத்த இரண்டு பைகளில் அப்படி அமைவது 4,356இல் ஒரு பங்குதான். அதை நீங்கள் தாங்கலாம்.

சில விளையாட்டுகள் வெற்றி வாய்ப்பு 90 விழுக்காடு என்று திரையில் காட்டிவிட்டு, உள்ளே இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியோடு ஒப்பிடுகின்றன. அதனால் உண்மையான வாய்ப்பு ஏறக்குறைய 98 ஆகிவிடுகிறது. ஆடுபவருக்கு அது நியாயமாகத் தோன்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் புதிர் விளையாட்டில் திரையில் காட்டும் எண் பொய்யாக இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். யோசிப்பவனிடம் தவறான எண்ணைக் கொடுத்துவிட்டு யோசிக்கச் சொல்வது முறையல்ல.

மறுமொழி (கூடலூரிலிருந்து)

நான் விளையாட்டுகளை உருவாக்குபவள் அல்லள், நிறைய ஆடுபவள். மேலே இருவரும் சொன்னவை சரியானவைதாம். இருந்தாலும் அந்த அலுவலக நண்பரின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் முன்னால் காட்டிவிட்டால் அவன் மந்திரவாதியாக இருக்க மாட்டான், கணக்கர் ஆகிவிடுவான். "ஐயோ, இது வருமென்று நினைக்கவே இல்லையே" என்று வாயைப் பொத்திக்கொள்ளும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இவ்வகை விளையாட்டுகளைத் தேடிப் போகிறேன்.

எதிர்பாராத்தன்மை பகடையிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் பகடையே கிடையாது. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் எங்கே நிற்கின்றன என்பது இருவருக்கும் கண்முன் தெரியும். ஆனாலும் நான்காவது ஐந்தாவது நகர்வில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. காரணம், ஒன்றன்மேல் ஒன்று பட்டு விளைவுகள் பெருகுகின்றன. உங்கள் மந்திரங்களும் அப்படி ஒன்றோடொன்று கலக்க வேண்டும். உறைந்த பூதத்தின் மேல் தீ பட்டால் அது அழிவதற்குப் பதிலாக உருகித் தண்ணீராகிப் பக்கத்துக் கட்டங்களில் பரவட்டும். அந்தத் தண்ணீரின் மேல் உறைதல் பட்டால் வழுக்குப் பாதையாகட்டும். வழுக்குப் பாதையில் தள்ளப்பட்ட கல் தடுக்கப்படும்வரை ஓடட்டும். குழியில் விழுந்த கல் அந்தக் குழியை மூடட்டும். இவை ஒவ்வொன்றும் குழந்தைக்கும் புரியும் விதி. ஆனால் நான்கும் ஒரே முறையில் சேர்ந்து நடக்கும்போது ஆடுபவர் வியந்துபோவார், அந்த வியப்புக்குக் காரணம் தாம்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து, குன்னூர் நண்பர் சொன்ன மூன்று மந்திர வரிசையில் மூன்றாவதை முழுதாகக் காட்டாதீர்கள். அதை மூடுபனிக்குள் வையுங்கள். "இது தீயாக இருக்கலாம், அல்லது இரட்டியாக இருக்கலாம்" என்று இரண்டு உருவங்கள் மங்கலாகத் தெரியட்டும். ஒரு முறை ஆடி, அது இரண்டாம் இடத்துக்கு நகர்ந்ததும் பனி விலகி உண்மையான மந்திரம் தெளியட்டும். எங்கள் ஊர்ச் சாலையில் மழைக்காலத்துப் பனியில் வண்டி ஓட்டுபவர்கள் எதிரே வருவது லாரியா பேருந்தா என்று தெரியாவிட்டாலும், எதுவாக இருந்தாலும் இடம் விட்டு ஒதுங்கிக்கொள்ளும்படிதான் வளைவை அணுகுவார்கள். உங்கள் ஆட்டக்காரரும் "தீ வந்தாலும் தப்பிப்பேன், இரட்டி வந்தாலும் தப்பிப்பேன், அப்படி ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும்" என்று யோசிக்கத் தொடங்குவார். அது கணக்கும் உண்டு தடுமாற்றமும் உண்டு என்ற நிலை. மந்திரவாதியின் வயது முதிர்ந்த நினைவுக்கும் அது மிகப் பொருத்தமாக இருக்கும். வாய்வரை வந்த சொல் இதுவா அதுவா என்று ஒரு நொடி மங்கிப் பிறகு தெளிவது நம் வீட்டுப் பெரியவர்களிடம் அன்றாடம் காண்பதுதானே?

முடிவுக்குப் பின்னால் வரும் தற்செயலை அடியோடு தள்ளிவிடவும் வேண்டாம். இன்டு த பிரீச் பற்றிக் குறிப்பிட்டிருந்தார்கள். அதில் கட்டடங்கள் மேல் விழும் தாக்குதலை அவை தாங்கிக்கொள்ள ஒரு சிறிய வாய்ப்பு உண்டு, அது பின்னால்தான் தெரியும். ஆனால் அந்தத் தற்செயல் எப்போதும் ஆடுபவருக்கு நன்மையாகவே முடியும். கணக்கிட்டு ஆடியவரை அது ஒருபோதும் கவிழ்க்காது. எதிர்பாராமல் வருவது பரிசாக இருக்குமானால் யாரும் குறை சொல்வதில்லை.

கேட்டவரின் மறுமொழி (கோத்தகிரி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஐயா சொன்ன 12 சீட்டுப் பை, முதல் இரண்டு மந்திரங்கள் தெளிவாகவும் மூன்றாவது பனிக்குள்ளும் இருக்கும் வரிசை, உருகும் தண்ணீர், வழுக்கும் பாதை, கல் மூடும் குழி என எல்லாம் சேர்ந்துவிட்டன. இரட்டிதான் மிகவும் மாறியிருக்கிறது. முன்பு அதைப் பார்த்தாலே வெறுத்தவர்கள், இப்போது கல்லை இரட்டித்துக் குழிகளை மூடுவதற்காக அதற்குக் காத்திருக்கிறார்கள்.

அக்கா மகன் இப்போது ஆடும்போது பேசுவதே இல்லை. திரையின் மேல் விரலை வைத்துக் கட்டங்களை எண்ணுகிறான், தலையை ஆட்டுகிறான், மறுபடி எண்ணுகிறான். சென்ற ஞாயிறு தோற்றபோது, "இரண்டு முறைக்கு முன்னாலேயே அந்த மூலைக்குப் போயிருக்கக் கூடாது" என்று தானாகவே சொன்னான். தோல்விக்கான காரணத்தை அவனே எடுத்துச் சொன்ன அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இப்போது என்னை உறுத்துவது ஒன்றுதான். ஒவ்வொரு நிலைக்கும் தீர்வு இருக்கிறது என்று நான் எப்படி உறுதி செய்வது? பலகையை நான் கையால் அமைக்கிறேன். மந்திர வரிசை பையிலிருந்து வருகிறது. இரண்டும் சேர்ந்து யாராலும் வெல்ல முடியாத ஒரு நிலையை உண்டாக்கிவிட்டால், அவனிடம் மறுபடியும் அதே கேள்விக்கு முன்னால் நிற்பேன். பின்வாங்கும் வசதியும் இன்னும் சரியாகவில்லை. விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடோ எஞ்சின் என்ற மென்பொருளில்தான் எழுதியிருக்கிறேன்.

மறுமொழி (குன்னூரிலிருந்து)

பின்வாங்குவதை முதலில் முடித்துவிடலாம். மந்திரத்தைத் தேவைப்படும்போது குலுக்கி எடுக்காமல், நிலை தொடங்கும்போதே முழு வரிசையையும் உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்வாங்கினால் வரிசையில் ஓர் இடம் பின்னால் போனால் போதும், அதே மந்திரம்தான் மீண்டும் வரும். கோடோவில் பட்டியல்களைக் கலைக்கும் ஷஃபிள் என்ற செயல்பாடு, எல்லாவற்றுக்கும் பொதுவான தற்செயல் எண் உருவாக்கியைத்தான் பயன்படுத்துகிறது. பூதத்தின் அசைவுக்கோ ஒலிக்கோ வேறெங்காவது ஓர் எண்ணை எடுத்தாலும் உங்கள் வரிசை மாறிவிடும். ஆகவே மந்திரப் பைக்கென்று தனியாக ஓர் எண் உருவாக்கியை வைத்து, அதற்கு நிலைக்கு ஒரு விதை எண் (எண் வரிசை முழுவதையும் தீர்மானிக்கும் தொடக்க எண்) கொடுத்து, கலைப்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். விதை எண்ணையும் இதுவரை ஆடிய நகர்வுகளையும் சேமித்தால் போதும், மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடரும்.

ஆனால் உங்கள் புதிய வடிவத்தில் இன்னொரு ஓட்டை திறந்திருக்கிறது. பனி விலகி உண்மை தெரிந்த பிறகு பின்வாங்கினால், ஆடுபவர் பனிக்குள் இருப்பதை அறிந்துகொண்டே மீண்டும் ஆடுவார். அப்படியானால் பனிக்குப் பொருளே இல்லை. கடைசியாகப் பனி விலகிய இடம்வரை மட்டும் பின்வாங்க விடுங்கள். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் நிலையைப் புதிய விதையோடு முதலிலிருந்து தொடங்கட்டும்.

தீர்வு இருக்கிறதா என்ற கேள்வி இதைவிட ஆழமானது, ஏனெனில் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி, முழு வரிசையும் தெரிந்த ஒருவரால் வெல்ல முடியுமா என்பது. இதைக் கணினியே சொல்லிவிடும். ஒரு முறைக்கு நடக்க நான்கு திசை, மந்திரம் சொல்ல நான்கு திசை, மொத்தம் எட்டுத் தேர்வுகள். பத்து முறைக்கு எட்டின் பத்தாம் அடுக்கு, அதாவது 107 கோடிக்கு மேல். மலைக்க வேண்டாம். வெவ்வேறு வழிகளில் போனாலும் பலகை ஒரே நிலைக்கு வந்து சேர்வது மிகுதி. சுவரில் முட்டும் நகர்வுகளும் வீணாகும். பார்த்த நிலையை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி ஆராயாமல் விட்டால் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, சாதாரண மடிக்கணினிக்கே எட்டிவிடும். ஃப்ரீசெல்லில் முதலில் இருந்த 32,000 ஆட்டங்களில் 11982 என்ற எண்ணுள்ள ஒன்றுக்கு மட்டுமே தீர்வு இல்லை என்று கண்டதும் அந்த ஆட்டத்தில் சீட்டுகள் அனைத்தும் தெரிவதால்தான்.

இரண்டாம் கேள்வி, மூன்றை மட்டும் பார்க்கும் மனிதரால் வெல்ல முடியுமா என்பது. முக்காலமும் உணர்ந்தவருக்குத் தீர்வு இருப்பதால் நமக்கும் இருக்கிறது என்று ஆகாது. தொடக்கத்திலேயே வலப்பக்கம் போகாவிட்டால் தோல்வி, ஆனால் வலப்பக்கம் போக வேண்டும் என்பதை உணர்த்தும் மந்திரமோ ஒன்பதாவது இடத்தில் இருக்கிறது என்றால், அந்த நிலை தீர்வு உடையதாக இருந்தும் நியாயமற்றது. பனிக்குள் இருக்கும் மந்திரத்துக்கு இரண்டு கிளைகளையும் தனித்தனியே ஆராய்ந்து, பனி விலகும்வரை இரண்டுக்கும் ஒரே நகர்வுகளைக் கொண்டு இரண்டிலும் தப்பிக்கும் வழி இருக்கிறதா என்று உங்கள் நிரல் பார்க்க வேண்டும். வரிசையில் நுழையும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு கிளை பிரியும் என்பதால் நிலைகளைக் குறுகியவையாக வையுங்கள். ஆறு அல்லது ஏழு முறைகளில் முடியும் நிலைகளில் கிளைகள் எண்ணத் தக்க அளவில் இருக்கும். பிறகு ஒவ்வொரு பலகையையும் இருநூறு வெவ்வேறு விதை எண்களோடு ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் வழி இருக்கும் பலகையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் ஒரு கல்லையோ குழியையோ நகர்த்திச் சரிசெய்யுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் மந்திரவாதி ஒதுங்கி நிற்க ஒரே ஒரு கட்டத்தைத் திறந்துவிட்டாலே போதும்.

மறுமொழி (கொடைக்கானலிலிருந்து)

தம்பி, பையும் பனியும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கவனித்தீர்களா? பனிக்குள் தீயா இரட்டியா என்று காட்டுகிறீர்கள். அந்தப் பையில் இரட்டியின் இரண்டு சீட்டுகளும் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால், எண்ணிக்கொண்டு வரும் ஆட்டக்காரருக்கு அது தீதான் என்று தெரிந்துவிடும். கூர்ந்து கவனிப்பவருக்குக் கிடைக்கும் பலன் என்று அதை விட்டுவைக்கவும் செய்யலாம். ஆனால் அது அடிக்கடி நடந்தால் பனி வெறும் அலங்காரம் ஆகிவிடும். எனவே உண்மையான மந்திரத்தோடு காட்டும் இரண்டாவது உருவத்தை, அந்த நேரத்தில் பையில் இன்னும் மிஞ்சியிருப்பவற்றிலிருந்து மட்டும் எடுங்கள். மிஞ்சியிருப்பவை எல்லாம் ஒரே வகையாக இருந்தால் பனியே இல்லாமல் தெளிவாகக் காட்டிவிடுங்கள். கடைசிச் சீட்டை வெளியே எடுக்காமல் விடுவதால், பையின் இறுதிவரை இரண்டாவது உருவத்துக்குப் பெரும்பாலும் பஞ்சம் வராது.

கேட்டவரின் மறுமொழி (கோத்தகிரி)

ஐயா, நீங்கள் சொன்ன மோதல் உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது. நேற்று இரவு திருத்திவிட்டேன். தீர்வு தேடும் நிரலையும் எழுதி, என்னிடம் உள்ள 24 பலகைகளையும் இருநூறு விதை எண்களோடு ஓட்டினேன். 19 பலகைகள் எல்லா விதைகளிலும் தப்பின. மற்ற ஐந்தில் 11ஆம் நிலையும் ஒன்று. அவன் அன்று தோற்ற அந்த ஒற்றைப் பாதையின் பக்கத்தில் ஒதுங்கி நிற்க ஒரு கட்டத்தைத் திறந்ததும் அதுவும் சரியாகிவிட்டது. மற்ற நான்கையும் இந்த வாரம் பார்க்க வேண்டும். அக்கா மகன் சனிக்கிழமை வருகிறான். 11ஆம் நிலையை அவனிடம் எதுவும் சொல்லாமல் திறந்து வைக்கப்போகிறேன்.